போர்ட்டைப் பிடித்திருப்பது யார்? எல்எஸ்ஓஎஃப், ஃபியூசர், கில்-போர்ட், டிசிபிவியூ: ஒரு லேப் பொறுப்பாளரின் மதிப்பீடு

எங்கள் கல்லூரியில் வெப் டெவலப்மென்ட் லேப் நடக்கிற மதியங்களில் என் காதில் அதிகம் விழும் வாக்கியம், “மேம், அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்னு வருது” என்பதுதான். நோட், ஃபிளாஸ்க், ஸ்பிரிங் பூட், எதில் எழுதினாலும் விஷயம் ஒன்றுதான். சர்வர் இணைப்புக்காகக் காத்திருக்கும் வாசல் எண்தான் போர்ட். மாணவர் கேட்கிற போர்ட்டை வேறொரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு புரோகிராம், ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது. அது எது என்று பார்த்து நிறுத்த வேண்டும். இதற்கான கருவிகள் எல்லாமே இலவசம். பாதி கருவிகள் கம்ப்யூட்டர் வாங்கும்போதே உள்ளே இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி நம்ப முடியாது. லேபில் ஒரு பக்கம் உபுண்டு, இன்னொரு பக்கம் விண்டோஸ் 11, புரொஜெக்டரில் மாட்டுவது என் மேக்புக். மூன்றிலும் தினமும் புழங்குவதை வைத்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

வேகத்துக்கு நான் மார்க் போடுவதில்லை. எந்தக் கருவியாக இருந்தாலும் கண் இமைப்பதற்குள் வேலையை முடித்துவிடும். நிறுத்துவதற்கு முன்னால் எதை நிறுத்தப்போகிறோம் என்று காட்டுகிறதா, அதை மட்டும்தான் நிறுத்துகிறதா? இந்த இரண்டு கேள்விக்குத்தான் மார்க்.

“எதற்கு மேம் இவ்வளவு, 3001-க்கு மாத்திட்டா போச்சு” என்று சொல்லும் மாணவர்கள் உண்டு. அது சரிப்படாது. பழைய சர்வர் 3000-இல் உயிரோடுதான் இருக்கும், பழைய கோடோடு. முன்பக்கக் கோடில் 3000 என்று எழுதி வைத்திருப்பார்கள். இங்கே கோடை மாற்றுவார்கள், பிரவுசரில் எதுவும் மாறாது. அரை மணி நேரம் கோடில் பிழை தேடுவார்கள், பிழை கோடில் இருக்காது. முன்பக்கக் கோடை ஓட்டிக் காட்டும் வைட் என்ற கருவி இதைத் தானாகவே செய்துவிடுகிறது. 5173 கிடைக்கவில்லை என்றால் 5174-க்குப் போய்விடும். பின்பக்க சர்வரில் 5173-க்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தால் அங்கே சிஓஆர்எஸ் பிழை வரும், அதாவது அனுமதி இல்லாத முகவரியின் பக்கம் என்று பிரவுசர் தடுத்துவிடும். வைட் கான்ஃபிகில் ஸ்டிரிக்ட்போர்ட் என்பதை ட்ரூ என்று வைத்துவிட்டால் போர்ட் இல்லாதபோது அது நேர்மையாக நின்றுவிடும். எங்கள் லேப் டெம்ப்ளேட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

சரி, கருவிகளுக்கு வருவோம். முதலில் எல்எஸ்ஓஎஃப். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இருந்த விக்டர் ஏபெல் எழுதியது. எந்த ப்ராசஸ் எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது என்று பட்டியல் போடுவதுதான் இதன் வேலை. யூனிக்ஸில் நெட்வொர்க் சாக்கெட்டும் திறந்த ஃபைல்களில் ஒன்று என்பதால் போர்ட்டையும் காட்டிவிடுகிறது. மேக்கில் உள்ளேயே வருகிறது. மைனஸ் ஐ போட்டு, கோலன் வைத்து 3000 என்று கொடுத்தால் ப்ராசஸ் பெயர், பிஐடி என்ற ப்ராசஸ் எண், எந்த யூசர், கடைசியில் எந்த முகவரி, என்ன நிலை என்று வரிசையாக வரும்.

முதல்முறை பார்ப்பவர்கள் அந்தக் கடைசிப் பத்தியில்தான் தடுக்கி விழுவார்கள். 3000 என்று தேடியிருப்போம், அங்கே “எச்பிசிஐ, லிசன்” என்று இருக்கும். இரண்டாம் வருட மாணவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, “மேம், ஏதோ வைரஸ் மாதிரி இருக்கு” என்று எழுந்தே வந்துவிட்டாள். வைரஸ் இல்லை. ஒவ்வொரு போர்ட்டுக்கும் பதிவு செய்த சேவைப் பெயர்ப் பட்டியல் ஒன்று சிஸ்டத்தில் ஈடிசி ஃபோல்டருக்குள் இருக்கிறது. மேக்கில் இருக்கும் பட்டியலில் 3000 என்பது ஜெர்மனியின் ஹோம் பேங்கிங் முறை ஒன்றுக்கு எழுதியிருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் அதைப் பார்த்து எண்ணுக்குப் பதில் பெயரைப் போடுகிறது. 8080 என்றால் எச்டிடிபி-ஆல்ட் என்று வரும். பெரிய எழுத்து பி சேர்த்தால் எண்ணை எண்ணாகவே காட்டும். கூடவே சின்ன எழுத்து ‘என்’ சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஐபிக்கும் பெயர் தேடிக்கொண்டு, நெட் மெதுவாக இருக்கும் நாளில் ஸ்கிரீன் அப்படியே நிற்கும்.

இதில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. யாரிடம் கேட்டாலும் ஒரு ஒற்றை வரி கட்டளையை எடுத்துக் கொடுப்பார்கள். எல்எஸ்ஓஎஃப்-இல் டி போட்டு பிஐடி-களை மட்டும் வாங்கி, அப்படியே பைப் வழியாக கில் மைனஸ் 9 என்ற, உடனடியாக முடித்துவிடும் கட்டளைக்கு அனுப்பும் வரி. மாணவர்களின் நோட்டில் எல்லாம் அதுதான் இருக்கிறது. அந்த வரியை நான் லேபில் அனுமதிப்பதில்லை. எல்எஸ்ஓஎஃப்-க்கு 3000 என்றால், 3000-இல் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் சர்வர் மட்டும் இல்லை, அந்த 3000-ஓடு பேசிக்கொண்டிருக்கும் எல்லாமும்தான். இணைப்பின் இரண்டு முனையையும் பட்டியலில் போடும். பிரவுசரில் அந்தப் பக்கம் திறந்திருந்தால் பிரவுசரின் பிஐடி-யும் அதில் வரும். உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ்தான் கூடவே வரும் பிரவுசர். அதில் இணைப்புகளை வைத்திருப்பது தாய் ப்ராசஸே. 9 போய் விழுந்தால் எல்லா டேபோடும் சேர்ந்து மூடிவிடும். ஒரு பெண் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிவிட்டு வைத்திருந்தாள். பக்கத்து டேபில் 3000 ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரியை அடித்ததும் விண்ணப்பம் மொத்தமும் போய்விட்டது, அவள் அழுதேவிட்டாள்.

தீர்வு சுலபம். மைனஸ் எஸ் போட்டு, டிசிபி, கோலன், லிசன் என்று சேர்த்தால் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் ப்ராசஸை மட்டும் காட்டும். இவ்வளவு முக்கியமான வடிகட்டியை அந்த ஒற்றை வரிக் கட்டளையில் ஏன் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குக் கோபமே வருகிறது.

இன்னொரு விஷயம், காலியான பதில். ஷிஃப்டில் லேப் நடக்கும் இடங்களில் இது அடிக்கடி வரும். காலை பேட்ச் பையன் லாக்-அவுட் செய்யாமல் சுவிட்ச் யூசர் போட்டுவிட்டுப் போயிருப்பான். அவன் சர்வர் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். மதியம் வருகிற பெண் தன் லாகினில் எல்எஸ்ஓஎஃப் போட்டால் ஒன்றுமே வராது, ஆனால் போர்ட் மட்டும் கிடைக்காது. சாதாரண யூசருக்குத் தன் ப்ராசஸ்களின் உள்விவரம் மட்டும்தான் தெரியும். அட்மின் உரிமை தரும் சூடோ போட்டால் காலை பேட்ச் பையனின் பெயரோடு அந்த வரி வந்துவிடும். ஒன்றும் வரவில்லை என்றால் போர்ட் காலி என்று அர்த்தம் இல்லை. சூடோ இல்லாமல் எடுத்த காலிப் பட்டியலை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

கண்டுபிடித்த பிறகு கில். எண் எதுவும் போடாமல் கில் கொடுத்தால் 15 போகிறது. வேலையை முடித்துக்கொண்டு கிளம்பு என்று ப்ராசஸிடம் கேட்பது அது. ஒழுங்காக எழுதிய சர்வர், கையில் இருக்கும் ரிக்வெஸ்டை முடித்து, டேட்டாபேஸ் இணைப்பை மூடிவிட்டுப் போகும். 9 என்பது ப்ராசஸுக்குத் தெரியவே தெரியாது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் நேராக முடித்துவிடும். மூடவேண்டியதை மூட நேரமே இருக்காது. அதனால் 15 முதலில், சில வினாடி பொறுத்து இன்னும் இருந்தால் மட்டும் 9.

“15 போட்டேன் மேம், சாகவே இல்லை” என்று வருபவர்களின் ஸ்கிரீனை நான் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்ப்பேன். பெரும்பாலும் அங்கே “ஸ்டாப்டு” என்று ஒரு வரி இருக்கும். கன்ட்ரோல் சி அடிக்க வேண்டிய இடத்தில் கன்ட்ரோல் இசட் அடித்திருப்பார்கள். பிராம்ப்ட் திரும்ப வந்துவிடுகிறது, அதனால் சர்வர் நின்றுவிட்டது என்று நினைக்கிறார்கள். நிற்கவில்லை, உறைந்து கிடக்கிறது. போர்ட் இன்னும் அதன் கையில்தான். அந்த நேரத்தில் பிரவுசரில் பக்கத்தைத் திறந்தால் பிழைகூட வராது, சுற்றிக்கொண்டே இருக்கும். இணைப்பை கெர்னல் வாங்கி வரிசையில் வைத்துவிடுகிறது, பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. உறைந்த ப்ராசஸுக்கு வேறொரு டெர்மினலிலிருந்து 15 அனுப்பினால் அது கடிதம் மாதிரி வாசலில் கிடக்கும். ப்ராசஸ் மறுபடி ஓட ஆரம்பித்தால்தான் எடுத்துப் படிக்கும். இங்கே 9 தேவையே இல்லை. அதே டெர்மினலில் எஃப்ஜி என்று இரண்டு எழுத்து அடித்து, சர்வர் முன்னால் வந்ததும் கன்ட்ரோல் சி. ப்ராசஸ் பட்டியலைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் நிலைப் பத்தியில் டி (டிசிபி-யின் முதல் எழுத்து) என்று இருந்தால் இதுதான் விஷயம் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

அடுத்தது ஃபியூசர். லினக்ஸில் பிஎஸ்மிஸ்க் என்ற பேக்கேஜில் கில்ஆல், பிஎஸ்ட்ரீ ஆகியவற்றோடு சேர்ந்து வருகிறது. 3000, ஒரு ஸ்லாஷ், டிசிபி என்று கொடுத்தால் பிஐடி வரும். மைனஸ் கே சேர்த்தால் அங்கேயே நிறுத்திவிடும். ஒன்றைப் பாராட்ட வேண்டும். இப்படிக் கொடுக்கும்போது இது உள்ளூர் முனையின் போர்ட்டை மட்டும் பார்க்கிறது. பிரவுசரின் உள்ளூர் போர்ட் வேறு ஏதோ ஒரு பெரிய எண்ணாக இருக்கும், அதனால் அது தப்பித்துவிடும். அந்த வகையில் எல்எஸ்ஓஎஃப் ஒற்றை வரியைவிட இது பாதுகாப்பானது. ஆனால் மைனஸ் கே தனியாகக் கொடுத்தால் நேராக 9 அனுப்புகிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை. மைனஸ் டெர்ம் என்று கூடவே எழுதினால் 15 போகும். மைனஸ் ஐ சேர்த்தால் ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு நிறுத்தும், மைனஸ் வி சேர்த்தால் யூசர் பெயரும் கட்டளைப் பெயரும் சேர்ந்து வரும். வி, ஐ, டெர்ம் மூன்றும் சேர்த்துப் பழகியவர்களுக்கு உபுண்டுவில் இதைவிட வசதியான ஒன்று கிடையாது. மேக்கில் இருக்கும் ஃபியூசருக்கு போர்ட் பார்க்கத் தெரியாது, அங்கே இதை மறந்துவிடுங்கள்.

எஸ்எஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐபிரூட்2 பேக்கேஜில் வருவது, பழைய நெட்ஸ்டாட்டின் இடத்துக்கு வந்தது. எல், டி, என், பி நான்கும் சேர்த்து அடித்தால் காது கொடுத்திருக்கும் எல்லா டிசிபி போர்ட்டும் ப்ராசஸ் பெயரோடு வரும். எல்எஸ்ஓஎஃப் நிறுவாத சர்வர்களில் இதுதான் கை கொடுக்கும். இதில் எனக்குப் பிடித்தது, சூடோ இல்லாவிட்டாலும் போர்ட் பிடிபட்டிருக்கிறது என்பதை மறைக்காது. யார் என்ற பத்தி மட்டும் காலியாக இருக்கும். மேலே சொன்ன காலை பேட்ச் குழப்பம் இதில் வராது.

இப்போது மாணவர்களின் செல்லம், கில்-போர்ட். நோடின் பேக்கேஜ் கிடங்கான என்பிஎம்-இல் கிடைப்பது. என்பிஎக்ஸ் போட்டு, கில்-போர்ட் போட்டு, 3000 என்று அடித்தால் முடிந்தது. மேக், லினக்ஸ், விண்டோஸ் எல்லாவற்றிலும் ஒரே வரி. இந்த ஒரு வசதிக்காகவே இது இவ்வளவு பரவியிருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. தன் லேப்டாப்பில் தன் சர்வர் மட்டும் ஓடுகிற ஒருவர் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். லிசன் நிலையில் இருப்பதைப் பார்த்துத்தான் நிறுத்துகிறது, பிரவுசர் தப்பிக்கும். ஆனால் உள்ளே எல்எஸ்ஓஎஃப்-ஐக் கூப்பிட்டு 9-ஐ அனுப்புவதுதான் இதுவும். எல்எஸ்ஓஎஃப் இல்லாத சின்ன கன்டெய்னருக்குள் இது ஓடாது. முதல்முறை கூப்பிடும்போது நெட் வேண்டும், லேபில் நெட் போன மதியங்களில் புது மெஷினில் பயன்படாது.

என் பெரிய குறை, இது எதையும் காட்டுவதில்லை, கேட்பதும் இல்லை. 5173 என்று அடிக்க வேண்டிய கை, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் போர்ட்டான 5432 என்று அடித்துவிட்டால்? உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் தனி யூசரில் ஓடுவதால் சூடோ இல்லாத வரை தப்பிக்கும். மேக்கில் ஹோம்ப்ரூ வழியாகப் போட்டிருந்தால் அது நம் யூசரிலேயே ஓடும், 9 நேராக அதன் தலையில் விழும். சர்வரை நிறுத்த 9-ஐப் பயன்படுத்தாதீர்கள் என்று போஸ்ட்கிரெஸ் ஆவணமே சொல்கிறது. பகிர்ந்த நினைவகத்தை விடுவிக்கவும், தன் குழந்தை ப்ராசஸ்களுக்குச் செய்தி சொல்லவும் அதற்கு நேரம் வேண்டும். டேட்டாபேஸ் பாடத்தில் செமஸ்டர் முழுவதும் டிரான்சாக்ஷன், ரெகவரி என்று நடத்திவிட்டு, லேபில் இதைச் செய்ய விடுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

இதே வசதி வேண்டும், ஆனால் கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டும் என்பவர்களுக்கு சிண்ட்ரே சோர்ஹஸின் எஃப்கில் இருக்கிறது. கோலன் போட்டு போர்ட் எண்ணைக் கொடுக்கலாம். எதுவும் கொடுக்காமல் கூப்பிட்டால் ப்ராசஸ் பட்டியலைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இதுவும் நோட் இருந்தால்தான் ஓடும்.

எந்தக் கருவியாலும் தீராத ஒரு வகை இருக்கிறது. நிறுத்துவீர்கள், உடனே புது பிஐடி-யோடு வந்து உட்காரும். மாணவர்கள் மறுபடி நிறுத்துவார்கள், மறுபடி வரும். போன செமஸ்டர் ஜாவா லேபுக்காக நிறுவிய டாம்கேட் 8080-இல் இப்படித்தான் செய்தது. அதை ஓட்டுவது லினக்ஸில் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, சர்வீஸ் ஃபைலில் ரீஸ்டார்ட் ஆல்வேஸ் என்று எழுதியிருந்தது. இங்கே ஒரு அருமையான வழி உண்டு, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்று போட்டு, சர்வீஸ் பெயருக்குப் பதில் பிஐடி-யைக் கொடுங்கள். அந்த ப்ராசஸ் எந்த சர்வீஸுக்குச் சொந்தம் என்று முழு விவரத்தோடு சொல்லிவிடும். பிறகு அந்த சர்வீஸை ஸ்டாப் செய்தால் போதும். நோட் சர்வரைத் திரும்ப ஓட்டிவிடும் நோட்மான், பிஎம்2 வைத்திருப்பவர்களும் இதேபோல மேலே இருக்கும் தாய் ப்ராசஸைத்தான் நிறுத்த வேண்டும்.

மேக்கில் இதே கதை 5000-இல். 2021-இல் வந்த மான்டெரேயிலிருந்து ஏர்பிளே ரிசீவர் 5000-ஐயும் 7000-ஐயும் எடுத்துக்கொள்கிறது. ஃபிளாஸ்க்கின் வழக்கமான போர்ட்டும் 5000. எல்எஸ்ஓஎஃப் போட்டால் “கன்ட்ரோல்சிஇ” என்று பாதியில் வெட்டிய பெயர் வரும். ப்ராசஸ் பெயரில் முதல் 9 எழுத்தைத்தான் அது காட்டுகிறது, பிளஸ் சி போட்டு 0 கொடுத்தால் நீளமாகக் காட்டும். அது கன்ட்ரோல் சென்டர். நிறுத்தினால் மேக் உடனே திரும்ப எழுப்பிவிடும். சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரலுக்குள் ஏர்டிராப் பக்கத்தில் ஏர்பிளே ரிசீவரை ஆஃப் செய்வதுதான் வழி. ஐஃபோனிலிருந்து மேக்குக்கு ஏர்பிளே செய்யும் பழக்கம் இருந்தால் ஃபிளாஸ்க்கை 5001-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

புரோகிராம்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் அடைத்து ஓட்டும் டாக்கரும் இதே வகை. லினக்ஸில் டாக்கர்-பிராக்ஸி என்றோ, மேக்கில் “காம்.டாக்கே” என்று வெட்டுப்பட்டோ பெயர் வந்தால் கில் பக்கம் போகவே கூடாது. மேக்கில் அதை நிறுத்தினால் டாக்கர் டெஸ்க்டாப் மொத்தமும் சாயும், கூடவே ஓடும் எல்லாக் கன்டெய்னரும். டாக்கர் பிஎஸ்-இல் ஃபில்டர் போட்டு, பப்ளிஷ் என்பதற்கு 8080 கொடுத்தால் எந்தக் கன்டெய்னர் என்று தெரிந்துவிடும். டாக்கர் ஸ்டாப் முதலில் 15 அனுப்பி, 10 வினாடி பொறுத்து, பிறகுதான் 9 அனுப்புகிறது. மற்ற கருவிகளிலும் நான் எதிர்பார்க்கும் நடத்தை இதுதான்.

விண்டோஸ் பக்கம் வருவோம். நெட்ஸ்டாட்டுக்கு ஏ, என், ஓ போட்டு ஃபைண்ட்ஸ்டர் வழியாக வடிகட்டுவது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் வழி. வேலை செய்யும், ஆனால் வசதி இல்லை. 80 என்று தேடினால் 8080-உம் 8000-உம் சேர்ந்து வரும். இணைப்பின் மறுமுனையில் அந்த எண் இருந்தாலும் வரும். கடைசிப் பத்தியில் பிஐடி மட்டும்தான், பெயர் இல்லை. சர்வரை நிறுத்திய பிறகும் சில வரிகள் டைம் வெயிட் (மூடிய இணைப்பு கொஞ்ச நேரம் காத்திருக்கும் நிலை) என்று பிஐடி 0-வோடு நிற்கும். மாணவர்கள் அந்த 0-வை டாஸ்க்கில்லுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அது நிறுத்தக்கூடிய ப்ராசஸே இல்லை. 80-இல் பிஐடி 4 வந்தால் அது சிஸ்டம். ஐஐஎஸ் போன்ற ஏதோ ஒரு சர்வீஸ் விண்டோஸின் எச்டிடிபி டிரைவர் வழியாக எடுத்திருக்கிறது என்று அர்த்தம், அந்த சர்வீஸைத்தான் நிறுத்த வேண்டும். பவர்ஷெல்லில் கெட்-நெட்டிசிபிகனெக்ஷனுக்கு லோக்கல்போர்ட் 3000, ஸ்டேட் லிசன் என்று கொடுப்பது எவ்வளவோ தெளிவு. 3000 என்றால் 3000 மட்டும்தான் வரும்.

ஆனால் விண்டோஸில் நான் முழு மார்க் கொடுப்பது டிசிபிவியூவுக்கு. சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, இப்போது அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இன்ஸ்டால் எதுவும் இல்லை, ஜிப் ஃபைலைப் பிரித்து ஓட்டினால் போதும். ப்ராசஸ் பெயர், பிஐடி, நிலை, உள்ளூர் போர்ட் எல்லாம் பத்தி பத்தியாக ஓடிக்கொண்டே இருக்கும். புது இணைப்பு பச்சையில் வரும், நிலை மாறியது மஞ்சளில், மூடியது சிவப்பில் ஒரு கணம் நின்று மறையும். இதை புரொஜெக்டரில் போட்டுவிட்டு, ஒரு நோட் சர்வரை ஓட்டி, பிரவுசரில் திறந்து, பிறகு நிறுத்திக் காட்டினால், லிசன் என்றால் என்ன, எஸ்டாப்ளிஷ்டு என்றால் என்ன என்று போர்டில் எழுதி விளக்குவதைவிடத் தெளிவாகப் புரிகிறது. கடைசி பெஞ்சில் இருப்பவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். வரியில் ரைட் கிளிக் செய்தால் ப்ராசஸை நிறுத்தலாம். எதை நிறுத்துகிறோம் என்பது அதே வரியில் கண்முன்னால் இருக்கிறது. நான் ஆரம்பத்தில் சொன்ன இரண்டு கேள்விக்கும் இதைவிட நல்ல பதில் மற்ற எந்தக் கருவியிலும் இல்லை. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்-க்குள் இருக்கும் சர்வர் மட்டும் இதில் டபிள்யூஎஸ்எல்ரிலே என்ற பெயரில் வரும், அப்போது உபுண்டு டெர்மினலுக்குள் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

டிசிபிவியூவிலும் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் போர்ட் கிடைக்கவில்லை என்றால் பிழையை நன்றாகப் படியுங்கள். ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்பதற்குப் பதில் அனுமதி மறுப்பு என்று இருக்கும். ஹைப்பர்-வி, டபிள்யூஎஸ்எல், டாக்கர் போட்ட மெஷின்களில் விண்டோஸ் சில போர்ட் வரம்புகளைத் தனக்கென்று ஒதுக்கிவிடுகிறது. அங்கே ப்ராசஸே இல்லை, நிறுத்த எதுவும் இல்லை. நெட்எஸ்எச் கட்டளையில் எக்ஸ்க்ளூடட்போர்ட்ரேஞ்ச் பட்டியலைக் கேட்டால் உங்கள் எண் ஏதாவது வரம்புக்குள் இருக்கிறதா என்று தெரியும். அட்மினாக இருந்து வின்நாட் சர்வீஸை நிறுத்தி மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

லினக்ஸிலும் இப்படி ப்ராசஸ் இல்லாத நிலை ஒன்று உண்டு. நெட்வொர்க்ஸ் லேபில் சி மொழியில் சாக்கெட் சர்வர் எழுதுபவர்களுக்கு வரும். சர்வரை நிறுத்திவிட்டு உடனே ஓட்டினால், போர்ட்டைப் பிடிக்கும் வரியான பைண்ட் தோற்கும். எல்எஸ்ஓஎஃப்-இல் யாரும் இருக்க மாட்டார்கள். எஸ்எஸ்-இல் ஏ போட்டுப் பார்த்தால் டைம் வெயிட் என்று பழைய இணைப்பு ஒன்று நிற்கும். லினக்ஸில் அது 60 வினாடி. கோடில் பைண்டுக்கு முன்னால் ரீயூஸ்-அட்ரஸ் என்ற சாக்கெட் ஆப்ஷனை வைத்தால் காத்திருக்க வேண்டாம். நோட், கோ போன்றவை லினக்ஸில் அதைத் தாங்களே வைத்துவிடுவதால்தான் வெப் லேபில் இந்தப் பிரச்சினை வருவதில்லை.

எங்கள் லேபில் இப்போது இருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். உபுண்டு மெஷின்களில் எல்லாருடைய ஷெல் ஃபைலிலும் ‘யார்’ என்ற அர்த்தத்தில் ஒரு சின்ன ஃபங்ஷன் சேர்த்திருக்கிறேன். போர்ட் எண்ணைக் கொடுத்தால் முதலில் லிசன் வடிகட்டியோடு எல்எஸ்ஓஎஃப் பட்டியலைக் காட்டும், ஒய் அழுத்தினால் 15 அனுப்பும். 9 அதில் கிடையாது. அது வேண்டுமென்றால் கையால் அடிக்க வேண்டும். பிஎஸ்மிஸ்க் பேக்கேஜும் எல்லா மெஷினிலும் போட்டாகிவிட்டது. விண்டோஸ் பக்கம் டெஸ்க்டாப்பிலேயே டிசிபிவியூ. மாணவர்கள் லாகினில் திறந்தால் தங்கள் சர்வர்களை அவர்களே நிறுத்திக்கொள்ளலாம். சிஸ்டம் சர்வீஸ் எதையாவது நிறுத்த வேண்டுமென்றால் அட்மினாகத் திறக்க வேண்டும், அதற்கு என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.